சந்தோஷமாயிருங்கள் என்று சொல்லப் போகிறவர்களுக்கு

நம் சேகரங்களில் நோயாளிகளின் வீடுகளுக்கும் துக்க வீடுகளுக்கும் போய் ஜெபிக்கிற அக்காமார், அண்ணன்மார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும்,

குறை சொல்ல எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊரே சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில், கையில் வேதப்புத்தகமும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டுமாக வெயிலில் நடக்கிறவர்கள் நீங்கள். பெரியாஸ்பத்திரி வார்டில் நம் சபைக்காரரைப் பார்த்து ஜெபித்துவிட்டு, பக்கத்துக் கட்டிலில் ஆளில்லாமல் கிடக்கிறவரிடமும் நாலு வார்த்தை பேசிவிட்டு வருகிறவர்கள். ஐயரும் உபதேசியாரும் எத்தனை வீட்டுக்குத்தான் போவார்கள்? உங்களை விட்டால் அந்த வேலைக்கு ஆள் இல்லை. நீங்கள் அந்த வீடுகளில் சொல்லும் வார்த்தைக்குக் கனம் அதிகம். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் ஆளுக்கொன்று எடுக்கிறோம். சந்தோஷத்தைப் பற்றிய வசனம் வந்தவர் அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிக் காட்டி மகிழ்கிறார். வீட்டுக்குப் போனதும் அலமாரிக் கண்ணாடியில் ஒட்டுகிறார். மார்ச்சில் அந்த வீட்டில் ஒரு சாவு விழுகிறது. அல்லது ஸ்கேன் ரிப்போர்ட் வருகிறது. கண்ணாடியில் அட்டை அப்படியே இருக்கிறது. நாம் போய் உட்கார்கிறோம். பேச்சு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அந்த அட்டையைப் பார்த்து, "இந்த வசனத்தைப் பிடிச்சுக்கிடுங்கம்மா, கர்த்தருக்குள்ள சந்தோஷமா இருங்க" என்கிறோம். அந்த அம்மா தலையாட்டுகிறார். வந்தவர்களிடம் வேறென்ன செய்வார்? நாம் ஜெபித்து, காப்பி குடித்து, அடுத்த வீட்டுக்குப் போகிறோம். கதவைச் சாத்திய பிறகு அந்த அம்மாவுக்கு இரண்டு பாரம். ஒன்று அவருடைய இழப்பு. மற்றது, அழுகிறோமே, விசுவாசம் போதவில்லையோ என்ற பயம். இந்த இரண்டாவது பாரம் நாம் கொண்டுபோய் இறக்கி வைத்தது.

கஷ்டத்தின் நடுவிலும் ஒரு கிறிஸ்தவர் சந்தோஷத்தைத் தெரிந்துகொள்ள, அதாவது தேர்ந்தெடுக்க, முடியும் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. வேதமும் அப்படிச் சொல்கிறது, சபையின் சரித்திரமும் சொல்கிறது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியவர் கஷ்டப்படுகிறவர்தான். அவர் இடத்தில் நின்று நாம் அதைத் தெரிந்தெடுத்துக் கொடுக்க முடியாது. அவரிடம் போய் அதைக் கேட்டு வாங்கவும் முடியாது.

நமக்குக் கைகொடுக்கிற புத்தகம் பிலிப்பியர் நிருபம். அதை எழுதும்போது பவுல் சிறையில் இருந்தார், உயிர் தப்புமா என்பது அவருக்கே தெரியாது. அதைப் பெற்றுக்கொண்ட ஊரிலும் அவருக்கு ஒரு சிறை அனுபவம் உண்டு. பிலிப்பியில் அவரையும் சீலாவையும் வஸ்திரங்களைக் கிழித்து, பிரம்புகளால் அடித்து, உட்காவலறையில் தள்ளி, கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள். நடுராத்திரியில் இரண்டு பேரும் ஜெபித்துப் பாடினார்கள். நாம் இந்தக் கதையை ஞாயிறு பள்ளியில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறோம், பூமி அதிர்ந்ததையும் கதவுகள் திறந்ததையும் கைதட்டிச் சொல்லியிருக்கிறோம். ஒரு சின்ன விஷயம் அதில் விட்டுப்போகிறது. அவர்கள் பாடியபோது முதுகில் இருந்த காயங்களை இன்னும் யாரும் கழுவவில்லை. சிறைக்காரன் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கழுவியது பாட்டுக்கும் பூமியதிர்ச்சிக்கும் பிறகு. இன்னொன்றும் உண்டு. அந்த இரவில் அவர்களைப் பாடச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

இதோடு 137ஆம் சங்கீதத்தை வைத்துப் பாருங்கள். பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் ஆற்றோரத்தில் உட்கார்ந்து அழுகிறார்கள். சந்தோஷப் பாட்டு ஒன்று பாடுங்கள் என்று அவர்களிடம் கேட்கிறார்கள். கேட்டவர்கள் யார்? அவர்களைச் சிறைபிடித்துப் பாழாக்கினவர்கள். இவர்கள் கின்னரங்களை அலரி மரங்களில் தூக்கி மாட்டிவிட்டு, அந்நிய தேசத்தில் எப்படிப் பாடுவது என்று கேட்டார்கள். அந்த மறுப்பையும் கர்த்தர் தம் புத்தகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார். பிலிப்பிச் சிறையில் கேட்காமலே வந்த பாட்டும் வேதம், பாபிலோனில் கேட்டும் வராத பாட்டும் வேதம். நாம் ஒரு துக்க வீட்டில் போய் உட்கார்ந்து சந்தோஷத்தைக் கேட்கும்போது எந்தக் கூட்டத்தோடு சேர்ந்து நிற்கிறோம் என்பதை ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிருபத்துக்கே திரும்புகிறேன். சந்தோஷத்தின் நிருபம் என்று பிரசங்கங்களில் அதற்குப் பெயர். அதற்குள் எத்தனை வருத்தம் இருக்கிறது என்று பாருங்கள். பவுலின் விலங்குகளோடு உபத்திரவத்தையும் கூட்டவேண்டுமென்றே சிலர் போட்டிக்குப் பிரசங்கம் பண்ணுகிறார்கள். (இந்த வழக்கம் முதல் நூற்றாண்டோடு முடிந்துவிடவில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.) பிலிப்பி சபையார் உதவி கொடுத்தனுப்பிய எப்பாப்பிரோதீத்து வந்த இடத்தில் சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்திருக்கிறார். அவர் போயிருந்தால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்று பவுல் ஒளிக்காமல் எழுதுகிறார். ஏற்கனவே ஒரு துக்கம் அவருக்கு இருந்தது என்றுதானே அதற்கு அர்த்தம்? இன்னொரு இடத்தில் கண்ணீரோடு எழுதுவதாகவே சொல்கிறார். சபையிலே எயோதியாளுக்கும் சிந்திகேயாளுக்கும் மனஸ்தாபம். இரண்டு பேரும் சுவிசேஷத்துக்காக அவரோடு பாடுபட்ட பெண்கள். அவர்களை ஒருமனப்படச் சொல்லி, அவர்களுக்கு உதவும்படி இன்னொருவரைக் கேட்டுக்கொண்டு, அதற்கு அடுத்த மூச்சில்தான் எப்பொழுதும் சந்தோஷமாயிருக்கச் சொல்கிறார். நாம் சட்டம்போட்டுச் சுவரில் மாட்டுவது அந்தக் கடைசி வரியை மட்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருவரோடொருவர் பேசாத இரண்டு பேரின் சங்கதி அதற்கு மேல் வரியில் இருக்கிறது. அதை மாட்டினால் நன்றாக இருக்காது போலும்.

பவுல் அதை யாருக்கு எழுதினார்? தனியாக ஓர் அறையில் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு எழுதவில்லை. ஒரு சபைக்கு எழுதினார். இரத்தாம்பரம் விற்கிற லீதியாளின் வீட்டில் தொடங்கிய சபை அது. அந்தச் சிறைக்காரன் அதில் இருந்திருக்கலாம், நிருபத்தை வாசிக்கும்போது அந்த ராத்திரியை நினைத்திருக்கலாம். சந்தோஷத்தைத் தெரிந்துகொள்வது அங்கே ஊர்கூடிச் செய்கிற காரியம். சண்டை தீர்க்கிறார்கள், பணம் சேர்த்து அனுப்புகிறார்கள், நோயில் விழுந்தவன் திரும்பி வரும்போது எதிர்கொண்டு அழைக்கிறார்கள். மனரம்மியமாயிருக்கத் தான் கற்றுக்கொண்டதாகவும் பவுல் சொல்கிறார். கற்றுக்கொள்ள நாளாகும். அந்த மனிதருக்கே நாளாயிற்று. நாம் ஒரே சந்திப்பில், ஒரு காப்பி ஆறுவதற்குள், இன்னொருவர் கற்றுக்கொண்டுவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

நம் ஊர்ப் பக்கத்திலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. களக்காட்டைத் தாண்டிப் போனால் டோனாவூர். ஏமி கார்மைக்கேல் 1867இல் அயர்லாந்தில் பிறந்தவர், 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், பிறகு ஒருதரமும் தாய்நாடு திரும்பாதவர். கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண்குழந்தைகளுக்கு அவர் தாயானது உங்களுக்குத் தெரிந்த கதை. நான் சொல்ல வந்தது அதற்குப் பிந்திய பாதி. 1931 அக்டோபரில் ஒரு நாள் பொழுது சாய்ந்த நேரத்தில் களக்காட்டில் மருந்தகத்துக்காக எடுத்த வீட்டைப் பார்க்கப் போனவர், புதிதாக வெட்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது. சில வாரத்தில் சரியாகும் என்று எல்லாரும் நினைத்தார்கள். 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், அவர் வாழ்க்கை பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கழிந்தது. அதுவரை ஓடி ஓடி வேலை செய்த பெண்மணி. அந்தக் கட்டிலில் இருந்தபடியே பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார்.

1933இல் வந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற புத்தகம் அதில் ஒன்று. டோனாவூர்க் குடும்பத்தின் நோயாளிகளுக்கு அவர் எழுதிய கடிதங்களின் தொகுப்பு. அவர் அதை ஏன் எழுதினார் என்பது உங்களுக்கும் எனக்கும் நல்ல பாடம். நோயாளிகளை ஆற்றித் தேற்றுவதற்கென்று எழுதப்பட்ட பிரசுரங்கள் அவருக்கு வந்துகொண்டிருந்தன. எழுதியவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவை திடமாக இருப்பவர்கள் படுத்துக் கிடப்பவர்களுக்கு எழுதியவை. வலியில் கிடந்தவருக்கு அவை எட்டவில்லை. படுக்கையிலிருந்து படுக்கைக்கு எழுதினால் சேரும் என்று நினைத்து எழுதினார். கவனியுங்கள், அவர் சந்தோஷத்தை மறுக்கவில்லை. அந்த அறையில் சந்தோஷத்தைப் பற்றி எவ்வளவோ எழுதினார், பாட்டுகள் எழுதினார். தூங்க முடியாத இரவுகளைப் பற்றியும் மறைக்காமல் எழுதினார். இரண்டையும் ஒரே கை எழுதியதால்தான் இன்றைக்கும் நோயாளிகள் அவர் புத்தகத்தைத் தேடி எடுக்கிறார்கள். டோனாவூர்க் கல்லறைத் தோட்டத்தில் அவருக்குக் கல்லறைக் கல் கிடையாது. பறவைகள் நீர் குடிக்கும் ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள், அதில் 'அம்மா' என்ற ஒரே சொல்.

சந்தோஷம் என்ற வார்த்தை யார் வாயிலிருந்து வருகிறது என்பது இந்த விஷயத்தில் பெரிய காரியம். பவுல் சொன்னால் விலங்கோடு சொன்னார். ஏமி அம்மையார் சொன்னால் முறிந்த காலோடு சொன்னார். கத்தோலிக்கர்கள் 2022இல் புனிதர் பட்டம் கொடுத்த தேவசகாயம் பிள்ளையின் கதையிலும் இது உண்டு. ஞானஸ்நானத்துக்கு முன் நட்டாலத்து நீலகண்ட பிள்ளை என்ற பெயரில் இருந்த அவர் குடும்பத்தில் நஷ்டமும் மனக்கலக்கமுமாக இருந்த காலத்தில் யோபுவின் கதையை அவருக்குச் சொன்னவர் டிலனாய். 1741 குளச்சல் போரில் தோற்று மார்த்தாண்டவர்மாவிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி. சொந்த ஊருக்குத் திரும்பிப் போக வழியில்லாத மனிதர், எல்லாம் போன யோபுவைப் பற்றிப் பேசினார். கேட்டவர் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்படும்வரை அந்த விசுவாசத்தில் நின்றார். அதே யோபுவின் புத்தகத்தில் மூன்று சிநேகிதர்கள் வருகிறார்கள். ஏழு நாள் தரையில் கூட உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தார்கள். அந்த ஏழு நாளில் அவர்கள் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. பேசத் தொடங்கிய பிறகுதான் கெட்டது.

அப்படியானால் விலங்கும் இல்லாத, கட்டிலும் இல்லாத நாம் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. செய்ய நிறைய இருக்கிறது, பேச அவ்வளவு இல்லை.

எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டபோது, தேவதூதன் அவரிடம் வசனம் சொல்லவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொண்டார். எழுந்து உட்காரும், உமக்கு விசுவாசம் எங்கே போயிற்று என்று தூதன் கேட்கவில்லை. தூங்கவிட்டான். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், வழி வெகுதூரம் என்றான். கர்த்தர் அவரோடு பேசியது அதற்கெல்லாம் வெகு நாள் கழித்து, ஓரேப் மலையில். நம் சபைகளிலும் சூரைச்செடியின் கீழ் கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் காரணம் தெரியாமல் அழுகிற தாய், வேலை போனதை வீட்டில் சொல்லாத அப்பா, நீட் எழுதிவிட்டு அறைக்கதவைத் திறக்காத பிள்ளை. மனச்சோர்வு நோயாகவும் வரும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற மூப்பர், மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவரைப் பார்த்து, "ஜெபம் பண்ணினா போதாதா?" என்று கேட்கக் கூடாது. சாகலாம் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் ஜெபத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அவரைத் தனியே விடாமல் இருங்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அந்த எண்ணை உங்கள் வேதப்புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள்.

சாட்சி நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டு ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுந்திருக்கிறவர்கள் எல்லாரும் முடிந்த கதையோடுதான் எழுந்திருக்கிறார்கள். வியாதி வந்தது, ஜெபித்தோம், சுகமானது. கடன் இருந்தது, ஜெபித்தோம், தீர்ந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, ஸ்தோத்திரமும் சொல்கிறோம். கதை இன்னும் நடுவில் இருக்கிறவருக்கு அங்கே எழுந்திருக்க இடமில்லை. கீமோவுக்கு மறுபடியும் தேதி கொடுத்திருக்கிறார்கள், பயமாக இருக்கிறது, ஆனாலும் வந்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அது சாட்சி ஆகாதா? 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது. கடைசி வரியில் விடியும் என்று நம்பி வாசித்தால் விடியாது. அதையும் ஆலயத்தில் பாடத் தந்த ஆண்டவர், நம் கூட்டத்தில் முடியாத சாட்சி ஒன்றைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார். கூட்டம் நடத்துகிறவர்கள் அதற்கு வழிவிட்டால் போதும். சொல்லி முடித்ததும் உடனே எழுந்து ஜெயத்தை அறிக்கையிட்டு அடைத்துவிடாதீர்கள்.

இப்போது நெகேமியா. அந்தப் புத்தகத்தின் 8ஆம் அதிகாரத்தில், கர்த்தருடைய மகிழ்ச்சியே பெலன் என்று சொல்கிற ஒரு வசனம் உண்டு. நம்மில் முக்கால்வாசி வீடுகளில் அது காலண்டராகவோ கடிகாரமாகவோ தொங்குகிறது. எப்போது சொன்ன வார்த்தை அது? மதில் கட்டி முடித்தபின், ஏழாம் மாதம் முதல் தேதி, எருசலேமில் தண்ணீர் வாசலுக்கு முன் ஜனங்கள் கூடினார்கள். எஸ்றா விடியற்காலத்திலிருந்து மத்தியானம் வரை நியாயப்பிரமாணத்தை வாசித்தார், லேவியர் அர்த்தம் சொன்னார்கள். கேட்டவர்கள் எல்லாரும் அழுதார்கள். அழ வேண்டாம் என்று அவர்களிடம் சொன்னது உண்மைதான். ஆனால் அதோடு என்ன செய்யச் சொன்னார்கள் என்பது நம் சுவர்க் கடிகாரத்தில் இல்லை. போய்க் கொழுமையானதைச் சாப்பிடுங்கள், மதுரமானதைக் குடியுங்கள், ஒன்றும் ஆயத்தம் பண்ணாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்றார்கள். மகிழ்ச்சியே பெலன் என்ற பேச்சு அதற்குப் பின்னால்தான் வருகிறது. ஜனங்களும் அப்படியே போய்ச் சாப்பிட்டார்கள், பங்குகளை அனுப்பினார்கள். மகிழ்ச்சி எருசலேமில் சட்டியில் வெந்து, தெருவைக் கடந்து, ஆயத்தம் பண்ண முடியாதவர் வீட்டுக்குப் போயிற்று.

திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் பிரதிஷ்டைப் பண்டிகை அசனம் இதுதான். அரிசி கொடுக்கிறவர் அரிசி கொடுக்கிறார், ஆடு கொடுக்கிறவர் ஆடு கொடுக்கிறார், ஒன்றும் கொடுக்க முடியாதவர் வெங்காயம் உரிக்கிறார். பந்தியில் யாருக்கும் தனி இலை கிடையாது. வர முடியாத கிழவிக்குப் பேரன் தூக்குச்சட்டியில் அசனச் சோறு வாங்கிக்கொண்டு போகிறான். அந்தச் சோற்றைச் சாப்பிடுகிறவர் அன்றைக்குச் சந்தோஷமாக இருக்கிறாரா, விசுவாசத்தில் எந்தப் படியில் நிற்கிறார் என்று தூக்குச்சட்டி கேட்பதில்லை. நீங்கள் போகும் வீடுகளுக்கு அப்படிப் போங்கள் என்பதுதான் நான் கேட்பது. அடக்க ஆராதனையன்று வீடு நிறைய ஆள் இருக்கும், அன்று நீங்கள் போகாவிட்டாலும் குறையில்லை. நாற்பதாம் நாளுக்குப் பிறகு, சொந்தக்காரர்கள் எல்லாம் சென்னைக்கும் துபாய்க்கும் திரும்பிய பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போங்கள். குழம்பு கொண்டு போங்கள். ரேஷன் கார்டில் பெயர் நீக்க வேண்டுமா, பென்ஷன் மனு எழுத வேண்டுமா என்று கேளுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அந்த வீட்டில் யாரும் அவர் பெயரைச் சொல்லத் துணியாமல் இருப்பார்கள்.

இவ்வளவு நேரம் நாம் சந்தோஷத்தைத் திணிப்பதைப் பற்றிப் பேசினேன். வேடிக்கை என்னவென்றால் அதே வீட்டில் நாம் சந்தோஷத்தைத் தடையும் செய்கிறோம். கணவன் போய் ஆறு மாதத்தில் ஒருத்தி பேரப்பிள்ளையின் சேட்டையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தால் நம் புருவம் உயர்கிறது. கலர் சேலை கட்டி ஆலயத்துக்கு வந்தால் பின்வரிசையில் பேச்சு நடக்கிறது. சாவு நடந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை இல்லை, பலகாரம் சுடுவதில்லை, நட்சத்திரம் கட்டுவதில்லை. அவர்களாக வேண்டாம் என்றால் அது அவர்கள் துக்கம், அதை மதிக்க வேண்டும். ஆனால் பலருக்கு அதை ஊர்தான் தீர்மானித்துக் கொடுக்கிறது. ஜனவரியில் அழாதே என்கிறோம், டிசம்பரில் சிரிக்காதே என்கிறோம். எப்போது அழுவது, எப்போது சிரிப்பது என்று அந்த அம்மா நம்மைக் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டுமா?

கன்னியாகுமரிக் கடற்கரை ஊர்க்காரர்கள் இதை நம்மைவிட நன்றாக அறிவார்கள். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. குடிலும் நட்சத்திரமும் கழற்றாத வீடுகளுக்குள் கடல் வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று ஊர் ஊராக ஆட்கள் போனார்கள், மணக்குடிப் பாலமே பெயர்ந்துபோனது. அன்றிலிருந்து அந்த ஊர்களுக்கு இயேசு பிறந்த நாளின் மறுநாள் நினைவுத் திருப்பலியும் கல்லறையில் மெழுகுவர்த்தியும் கொண்ட நாள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து வீடுகள் திருவருகைக் காலம் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தன. உடல்கூடக் கிடைக்காதவர்கள் பலர். ஆனாலும் அந்தக் கரைகளில் ஒவ்வொரு வருஷமும் 25ஆம் தேதியும் வருகிறது, 26ஆம் தேதியும் வருகிறது. ஒன்றுக்காக மற்றதை அவர்கள் அழித்துவிடவில்லை. பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் அதே பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லறைக்குப் போகிறார்கள். சந்தோஷத்தைத் தெரிந்துகொள்வது என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் இந்த இரண்டு நாளையும் காட்டுவேன். யாரும் அவர்களுக்குப் பிரசங்கம் செய்து அது வரவில்லை.

கடைசியாக ஒரு விண்ணப்பம், பாடகர் குழுவில் இருக்கிறவர்களுக்கும் வாலிபர் சங்கத்தாருக்கும் சேர்த்து. டிசம்பர் முதல் வாரத்தில் கேரல் ரவுண்டுக்கு வீடுகளின் பட்டியல் போடுவீர்கள். அந்த வருஷம் சாவு நடந்த வீடுகளை யாரோ ஒருவர் பேனாவால் அடிப்பார். நல்ல எண்ணத்தில்தான் அடிப்பார். இந்த முறை அடிப்பதற்கு முன்னால் உங்களில் ஒருவர் பகலில் அந்த வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்: "அம்மா, இந்த வருஷம் பாட வரலாமா? வேண்டாம்னா வேண்டாம், சும்மா வந்து நின்னுட்டுப் போறோம்." வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல் திரும்பி வாருங்கள், அடுத்த வருஷமும் போய்க் கேளுங்கள். வரச்சொன்னால் டிரம்மையும் கிறிஸ்துமஸ் தாத்தாவையும் தெருமுனையில் நிறுத்திவிட்டுப் போய், அவர்கள் கேட்கிற பாட்டைப் பாடுங்கள். அவர்கள் அழுதால் பாட்டை நிறுத்த வேண்டாம். வசனம் எதுவும் சொல்ல வேண்டாம். அவர்கள் தட்டில் ஏதாவது வைத்து நீட்டினால் மறுக்காமல் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

கர்த்தருக்குள் உங்கள் அன்புள்ள,
சபையாரில் ஒருத்தி